ஆட்சிக்குழுவின் பார்வைக்கு ஒரு மரப்பாசி

எங்கள் கல்லூரியில் எதுவும் தானாக இருந்துவிட முடியாது. அது இருக்கிறது என்று ஆட்சிக்குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சைக்கிள் கொட்டகை அப்படித்தான் இருக்கிறது. மாணவிகளுக்கான இரண்டாவது கழிப்பறை, சுவரும் கூரையும் கதவும் இருந்தும், தீர்மானம் நிறைவேறாத ஒரே காரணத்தால் இன்னும் இல்லை.

கல்லூரியின் முழுப்பெயர் ‘கல்விக்காவலர் ஏலக்காய்ச்செம்மல் வீ. அம்மாவாசி கலை அறிவியல் கல்லூரி’. சின்னமனூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கட்டடமும் தெரியும். நிறுவனர் அம்மாவாசி போடியில் ஏலக்காய் வியாபாரியாக இருந்தவர். அவர் மகன் சசிதரன் இப்போது தாளாளர். ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் போடி ஏலக்காய் வியாபாரிகளே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்வியை அவர்கள் மதிக்கிறார்கள். அது பச்சையாக, உருண்டையாக, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இன்னும் மதிப்பார்கள்.

நான் ஜோயல். அங்கே தாவரவியல் துறையில் சுயநிதிப் பிரிவு உதவிப் பேராசிரியர். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவள் நாகஜோதி. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரின் மகள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒரு பயிற்சி முகாமுக்குப் போனவள், சேற்றில் வழுக்கினாள். பிடிமானத்துக்கு ஒரு கிழட்டு அலையாத்தி மரத்தைப் பிடித்தாள். மரம் நின்றது, பட்டை கையோடு வந்துவிட்டது. எழுந்து சேற்றைத் துடைத்துக்கொள்ளாமல் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அவளுடன் போனவர்கள் தலையில் அடிபட்டுவிட்டதோ என்று பயந்திருக்கிறார்கள்.

கையகலப் பட்டை. அதன்மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படர்வு. ஓரம் சுருண்டிருக்கும். நடுவில் கறுப்புப் பொட்டுகள். இதைத்தான் லைக்கன் என்கிறோம். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். கழிப்பறை கழுவும் பிளீச்சிங் தண்ணீரை ஒரு துளி விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தோம். இந்தத் துறையின் உச்சபட்ச ரசாயனம் அதுதான். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. படங்களை அனுப்பிக் கேட்டதற்கு, வாழ்நாள் முழுக்க லைக்கன் பார்த்த ஒரு பெரியவர், “இதை நான் பார்த்ததில்லை” என்று பதில் போட்டார். அறிஞர்கள் இப்படிச் சொல்வது அந்தப் பாசியைவிட அபூர்வம்.

இன்னும் கொஞ்சம் சேகரிக்கலாம் என்று இருவரும் மறுபடி முத்துப்பேட்டைக்குப் போனோம். இடையில் ஒரு புயல் வந்து போயிருந்தது. அந்த மரம் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. சுற்றியிருந்த மரங்களையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தோம். சேறு என் செருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டதே தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. ஆக, எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் இருந்தது அந்த ஒரு ரூபாய் அளவுதான்.

ஒரு புது இனத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் படம் போதாது. அதன் மாதிரியை ஒரு காப்பகத்தில் வைக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு காப்பகம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. மாதிரி அங்கே போனால் கட்டுரை வெளிவரும். கட்டுரை வந்தால் நாகஜோதி ஆய்வேட்டைக் கொடுக்கலாம். அவளுக்குக் கொடுத்திருந்த கால நீட்டிப்பு அதுவே கடைசி. ஆனால் அவள் பட்டத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

“மரமும் போயிருச்சு சார். பேருகூட இல்லாம இது போயிரக் கூடாது” என்றாள்.

பட்டையைக் காகித உறையில் வைத்து, உறையை டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியில் வைத்து, சாவியைத் தாலிச் சங்கிலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

முதலில் ஆய்வுக்குழு கூடியது. முதல்வர் மகாலட்சுமி மேடம்தான் தலைவர். நல்லவர். எந்தப் பிரச்சினையையும் கேட்காமலேயே கவலைப்படத் தொடங்கிவிடுவார்.

“தேனி மாவட்டத்துல கடல் இல்லையே ஜோயல்?”

“இல்லை மேடம்.”

“அப்ப அலையாத்தி மரம்?”

“அதுவும் இல்லை மேடம்.”

“அப்ப நம்ம பகுதிக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் என்னன்னு கேட்டா என்ன சொல்வீக? ஒரு அத்தியாயமாவது நம்ம மாவட்டத்தைப் பத்தி இருக்கணும்ல?”

நாகஜோதி பையைத் தூக்கிக்கொண்டு தேவதானப்பட்டியிலிருந்து கூடலூர் வரை மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ‘தேனி மாவட்டத்தில் இவ்வினம் இல்லாமை: ஒரு விரிவான ஆய்வு’ என்று ஓர் அத்தியாயம் எழுதினாள். புளிய மரத்தில் இல்லை, இலவ மரத்தில் இல்லை, திராட்சைக் கொடியில் இல்லை. மொத்த ஆய்வேட்டிலும் குழு ஒருமனதாகப் பாராட்டியது அந்த அத்தியாயத்தைத்தான். அதில் வரைபடங்கள் அதிகம்.

அடுத்து, தாளாளருக்கு விளக்க வேண்டும் என்றார்கள். சசிதரன் ஐயாவின் அறைக்குப் போனோம். லைக்கன் என்பது ஒரே உயிர் இல்லை, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழ்வது. பாசி சமைக்கும், பூஞ்சை வீடு கட்டும் என்று நாகஜோதி ஆர்வமாகச் சொன்னாள். தாளாளரின் முகம் மெல்ல மாறியது.

“ரெண்டும் ஒரே இனமா?”

“வேற வேற இனம் ஐயா. சம்பந்தமே இல்லாத ரெண்டு.”

“அப்புறம் எப்பிடிச் சேந்துச்சுக?”

“அதுகளா சேந்துக்கிரும் ஐயா.”

மகாலட்சுமி மேடம் தரையைப் பார்த்தார். தாளாளர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

“ஏம்மா, நான் தப்பாச் சொல்லலை. நானும் படிச்சவன்தான். ஆனா நம்ம காலேசுல பொம்பளப் பிள்ளைகளை நம்பி அனுப்புறாக. ஊர்ல நாலு விதமாப் பேசுவாக. அந்தச் சேந்து வாழ்ற பகுதியை மட்டும் ரொம்ப விளக்காதீக. மத்தபடி சயின்ஸுக்கு நான் முழு ஆதரவு.”

வெளியே வந்ததும் நாகஜோதி கேட்டாள்: “பூஞ்சையும் பாசியும் சொந்தக்காரவுகன்னு போட்டுருவமா சார்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் ஓடைப்பட்டியில் அவளுடன் படித்த ஒருத்தி அப்படிச் சேர்ந்து போய்விட்டு இன்னும் ஊருக்குள் வர முடியாமல் இருப்பது எனக்குத் தெரியும். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவுமில்லை.

பிறகு பெயர்ச் சிக்கல் வந்தது. பாசிக்கு நிறுவனர் பெயரை வைக்க வேண்டும் என்று தாளாளர் விரும்பினார். வைக்கலாம், ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்றேன். ‘அம்மாவாசி’ என்று வைப்பதாக ஏற்பாடு. தாளாளர் அதிர்ந்துபோனார்.

“வெறுமனே அம்மாவாசின்னா? எங்க அப்பாவை அப்பிடிப் பேரைச் சொல்லி ஒருத்தன் கூப்பிட்டதில்லை. கல்விக்காவலர் ஏலக்காய்ச்செம்மல் சேத்துப் போடுங்க.”

“அது மூணு சொல் ஆயிருது ஐயா. விதி இடம் கொடுக்காது.”

“விதியை யார் போட்டா?”

“உலகத் தாவரவியல் மாநாட்டுல போட்டது ஐயா.”

“அவுகளுக்கு ஒரு லெட்டர் எழுதுவோம்.”

எழுதினோம். பதில் வரவில்லை. பட்டம் இல்லாமல் நிறுவனர் பெயரைப் பயன்படுத்துவது அவமரியாதை என்பதால் எந்தப் பாசிக்கும் அவர் பெயரை வைக்கக் கூடாது என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட்டது. அப்படியாக உலகத்தின் மற்ற பாசிகளும் தப்பின.

இனி கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தோம். அப்போதுதான் மகாலட்சுமி மேடம் இன்னொரு விதியை ஞாபகப்படுத்தினார். முன்பு ஒருவர் பணி ஓய்வு பெற்றபோது துறையின் மின்விசிறியும் அவரோடு ஓய்வு பெற்றுப் போய்விட்டது. அதிலிருந்து, கல்லூரியை விட்டு வெளியே போகும் எந்தப் பொருளும் ஆட்சிக்குழுவின் பார்வைக்கு நேரில் வைக்கப்பட வேண்டும்.

“படத்தைக் காட்டலாம் மேடம்” என்றேன்.

“பொருளைக் காட்டணும்னு போட்டிருக்கே ஜோயல். ஒரு நிமிஷம் பாத்துட்டுக் கொடுத்துருவாக.”

ஆட்சிக்குழுக் கூடத்தில் புதிதாகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சுவரில் நிறுவனர் மாலையோடு இருந்தார். நாகஜோதி உறையைப் பிரித்து, பட்டையை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்தாள். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வைத்தாள். ஆராய்ச்சி மாணவி கூட்டத்தில் இருக்க அனுமதியில்லை என்று சொல்லி அவளை வெளியே அனுப்பினார்கள். நான் கதவோரம் நின்றேன்.

போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூட்டையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தட்டில் மாதிரி வரும். வியாபாரி கையில் அள்ளுவார், உருட்டுவார், நசுக்குவார், முகர்வார், ஒன்றைக் கடிப்பார். கறுத்ததையும் வெடித்ததையும் நகத்தால் சுண்டி எறிவார். மிச்சத்தைக் காலடியில் போட்டுவிட்டுத் தட்டைப் பக்கத்தில் தள்ளுவார். ஏலம் முடியும்போது தரையெல்லாம் காய் கிடக்கும். வாழ்நாள் முழுக்க அப்படியே செய்து பழகிய கைகள் அவை. ‘பார்வைக்கு’ என்று ஒரு தட்டை முன்னால் வைத்தால் அந்தக் கைகளுக்கு வேறென்ன தெரியும்?

தாளாளர் தட்டைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை ஓரமாக நகர்த்தினார். பட்டையிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளி, விரலில் தேய்த்து, முகர்ந்தார்.

“வாசம் கம்மி.”

“ஐயா...” என்றேன்.

“இருங்க, பாத்துக்கிட்டு இருக்கோம்ல.”

தட்டு நகர்ந்தது. அடுத்தவர் கிள்ளினார். “ஈரம் இல்லை. நல்லாக் காஞ்சிருக்கு.” அதற்கடுத்தவர் கறுப்புப் பொட்டுகளை நகத்தால் சுண்டித் தள்ளினார். “கருப்பு விழுந்திருக்கே. தரம் பிரிக்காமலா கொண்டு வந்தீக?” லைக்கனுக்கு வித்து இருப்பது அந்தக் கறுப்புப் பொட்டில்தான். அது இல்லாவிட்டால் எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

“ஐயா, தொடாதீக, உலகத்துலயே இது ஒண்ணுதான் இருக்கு!” என்று கத்தியேவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வியாபாரிகளிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. கண்கள் பிரகாசமாயின.

“வேற யார்கிட்டயும் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே ஜக்கையன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். உறுப்பினர்களில் மூத்தவர். கடிக்காமல் எதையும் நம்பாதவர். மிச்சமிருந்ததை ஓரத்தோடு பெயர்த்து வாயில் போட்டு மென்றார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம்.

“கசப்பு,” என்றார். கொஞ்சம் யோசித்து, “பின்னால லேசா உப்பு கரிக்குது” என்றார். காலடியில் துப்பப் போனவர், புதுக் கம்பளத்தையும் நிறுவனர் படத்தையும் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து அதில் துப்பி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பிரியாணிக்கு ஆகாது. ஆனா சரக்கு அசல்.”

‘தாவரவியல் துறை சமர்ப்பித்த மரப்பாசியை ஆட்சிக்குழு நேரில் ஆய்வு செய்து, அவ்வினம் இருப்பதாக ஏகமனதாகத் தீர்மானிக்கிறது’ என்று நிறைவேற்றினார்கள். கை தட்டினார்கள். பட்டை வெறும் பட்டையாகத் தட்டில் இருந்தது.

உறுப்பினர்கள் சாப்பிடப் போனதும் நாகஜோதி உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு கம்பளத்தில் மண்டியிட்டாள். நானும் மண்டியிட்டேன். சிவப்பு நூல்களுக்கு நடுவில் சாம்பல் பொடி. பொறுக்கினோம். மகாலட்சுமி மேடம் உள்ளே வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவரும் மண்டியிட்டார்.

பொடிதான் கிடைத்தது. கறுப்புப் பொட்டு ஒன்றுகூட முழுசாக இல்லை.

கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். தூளாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு கறுப்புப் பொட்டாவது உருப்படியாக இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். தாளாளர் சொன்னபடி, தீர்மானத்தின் நகலை அனுப்பட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன்.

“சார், செத்த மாதிரியை நாங்க வாங்குவோம். தீர்மானத்தை வாங்குறதில்லை” என்றார்.

போனை வைத்தபோது நாகஜோதி என் முகத்துக்கு நேராக நின்றாள். “சார், ஜக்கையன் ஐயா கைக்குட்டை.”

பைக்கில் போடிக்கு விரட்டினோம். ஜக்கையன் வீட்டில் அவர் இல்லை. கூட்டத்தில் போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாராம். அவர் மனைவி சங்கிலியம்மாள் கொல்லையில் வாளியில் சோப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைகள் குவிந்து கிடந்தன.

“அம்மா, ஐயாவோட கைக்குட்டை வேணும்” என்றேன்.

“எதுக்குத் தம்பி?”

இதற்குப் பொருத்தமான பதிலை இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை. “அவுக எச்சில் துப்புனது... அது வேணும்மா.”

சங்கிலியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “செய்வினை கிய்வினை வைக்கிறீகளா?”

“இல்லம்மா. காலேசு வாத்தியாரும்மா நான்.”

“அவுகதான்யா இப்ப எல்லாமும் பண்றாக.”

அப்போது நாகஜோதி அழுதுவிட்டாள். கூடத்தில் அழாதவள், சோப்புத் தண்ணீரைப் பார்த்து அழுதாள். சங்கிலியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவளை உட்கார வைத்தார். அவள் விக்கி விக்கி முழுக்கதையையும் சொன்னாள். சேறு, மரம், புயல், தட்டு.

“ஏ ஆத்தா! மென்டுட்டாரா?” என்றார் சங்கிலியம்மாள். “கடையில போயி உப்பைக்கூட ருசி பாத்துட்டுத்தான் வாங்குவாரு அந்த மனுசன்.” குவியலைக் கிளறிச் சட்டைப்பைக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்தார். “இப்பத்தான் ஊறப்போட இருந்தேன். இந்தா.”

நாகஜோதி அங்கேயே, துவைக்கிற கல்லின்மேல் அதை விரித்தாள். மென்ற சக்கை காய்ந்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூச்சுவிட்டாள்.

“ஒண்ணு இருக்கு சார்.”

ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவில் எப்படியோ தப்பித்த ஒரு கறுப்புப் பொட்டு. கடுகைவிடச் சிறியது.

கோயம்புத்தூரில் வாங்கிக்கொண்டார்கள். ‘மாதிரியின் நிலை’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அந்த அம்மையார் கேட்டபோது, “மெல்லப்பட்டது” என்றாள் நாகஜோதி. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

கட்டுரை எழுத உட்கார்ந்தோம். அவளுக்கு வேண்டியவர் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்றேன். யோசிக்கவேயில்லை, சங்கிலியம்மாள் பெயரை வைத்தாள். சுவை என்ற இடத்தில் ‘கசப்பு, இறுதியில் உப்பு’ என்று சேர்த்தாள். உலகத்தில் எந்த லைக்கன் கட்டுரையிலும் இவ்வளவு நம்பகமான சுவைக்குறிப்பு இருக்காது. அச்சுறுத்தல்கள் என்று ஒரு தலைப்பு உண்டு. அந்த இனத்துக்கு எதனால் ஆபத்து என்று அங்கே சொல்ல வேண்டும். ‘புயல்’ என்று தட்டிவிட்டு நிறுத்தினாள்.

“இதோட முடிச்சா பொய்யாயிரும் சார்.”

“மிச்சத்தையும் எழுதுனா எனக்கு வேலை போயிரும்மா.”

“அப்ப வேண்டாம் சார்” என்றாள் உடனே. அவள் அப்படி உடனே சொன்னதுதான் தாங்க முடியவில்லை. விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, புயலுக்குப் பக்கத்தில் ‘தரம் பார்த்தல்’ என்று நானே தட்டினேன். அதற்குமேல் தைரியம் எனக்கு இல்லை.

கட்டுரை வெளிவந்தது. கடைசித் தேதிக்கு முன்பே நாகஜோதி ஆய்வேட்டைக் கொடுத்தாள். என் வேலையும் போகவில்லை. ‘தரம் பார்த்தல்’ என்ற சொல்லைப் படித்துத் தாளாளர் நெகிழ்ந்துவிட்டார். “பாத்தீகளா, நம்ம கமிட்டி பாத்த வேலையும் சயின்ஸுல ஏறிருச்சு” என்று எல்லாரிடமும் சொன்னார். கட்டுரையின் அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி, கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு மேலாகப் பேனர் அடித்து, அந்தச் சொல்லை மஞ்சளில் பளிச்சென்று காட்டியிருந்தார்கள்.

நாகஜோதியின் வாய்மொழித் தேர்வு அன்று பாராட்டு விழாவும் வைத்திருந்தார்கள். ஜக்கையன் மனைவியைக் காரில் கூட்டிவந்திருந்தார். சங்கிலியம்மாள் பேனரில் தன் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம் பேரு வச்சது இப்ப எங்கன ஆத்தா இருக்கு?”

“கோயம்புத்தூருலம்மா. ஒரு கவருக்குள்ள.”

“உசுரோடயா?”

நாகஜோதி என்னைப் பார்த்தாள். நான் பேனரைப் பார்த்தேன்.

“இல்லம்மா.”

“வேற எங்கனயாச்சும்?”

“தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கோம்.”

சங்கிலியம்மாள் பேனரில் இருந்த தன் பெயரை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். “பேரு வச்ச பெறகு செத்துச்சா, செத்த பெறகு பேரு வச்சீகளா?”

நாகஜோதி பதில் சொல்வதற்குள் போட்டோகிராபர் எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். பேனருக்குக் கீழே, மஞ்சள் எழுத்துக்கு நேராக, ஆட்சிக்குழு வரிசையாக நின்றது. நடுவில் ஜக்கையன் நின்றார். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். அவர் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார்.

சங்கிலியம்மாள் வரிசைக்குப் போகவில்லை. நாகஜோதியின் கையை விடாமல் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.